எந்த அத்தை

என் தம்பி சந்துரு குடியிருந்த வீட்டில் சம்ப்புக்கு மூடி சரியில்லை என்று நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. தெருவில் காய் விற்கிறவனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். மைசூரில் வீட்டுக்கு வீடு வாசலிலேயே தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதைத்தான் சம்ப் என்போம். குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் அதில் நிரப்பிக்கொண்டு, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். சந்துரு வீட்டுச் சம்ப்பில் நான் இறங்கி நின்றால் தலை முங்கிவிடும். அதற்கு மூடி என்று ஒரு தகரம் கிடந்தது. துருப்பிடித்து, ஒரு ஓரம் நெளிந்து, காலால் தள்ளினாலே நகரும்.

வீட்டு ஓனர் கிருஷ்ணராஜைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். சிரித்த முகத்துக்காரர். "ஹாக்ஸ்தீனம்மா, ஹாக்ஸ்தீனி" என்பார். போட்டுத் தருகிறேன் என்று அர்த்தம். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மழைக்காலத்தைக் கடத்திவிட்டார். சந்துருவின் மகள் மனிஷா குப்புற விழுந்தபோது கேட்டேன், தவழ்ந்தபோது கேட்டேன், சுவரைப் பிடித்து நின்றபோது தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர், மாணிக்கவாசகம், கொத்தனார் வேலை பார்க்கிறவர், ஏதோ கட்டடத்தில் மிஞ்சிய கடப்பாக்கல் ஒன்றைக் கூட ஒரு ஆளோடு தூக்கிவந்து தகரத்தின் மேல் வைத்தார். இரண்டு ஆம்பளைகள் சேர்ந்தால்தான் அசையும். அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

எனக்கு வாய் ஜாஸ்தி. அது எனக்கே தெரியும். ஹெப்பாளில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறேன், அங்கே சூப்பர்வைசர்கூட என்னிடம் யோசித்துத்தான் பேசுவான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கினால் இரண்டு தெரு தள்ளியிருக்கிற என் வீட்டுக்கு முதலில் போக மாட்டேன். சந்துரு வீட்டுக்குப் போய், பாத்ரூம் பக்கெட்டுகளைக் கவிழ்த்து வைத்து, பிளக் பாயிண்டில் ஒட்டிய டேப் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, கொசு மருந்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவேன். சந்துருவின் மனைவி மகேஸ்வரிக்கு இது கடுப்பாகத்தான் இருந்திருக்கும். வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுடைய அண்ணன் ரவிக்குமார்தான் கொள்ளேகாலிலிருந்து வரும்போதெல்லாம் சொல்லுவான்.

"சி.சி.டி.வி. அக்கா வந்துட்டாங்க, எல்லாரும் கையக் காலக் கட்டிக்கிட்டு உக்காருங்கப்பா."

"உனக்கு ஒரு புள்ள பொறக்கட்டும், அப்பத் தெரியும்டா" என்பேன் நானும்.

குழந்தை மட்டும் என்னைக் கண்டால் போதும். "அத்தெ, அத்தெ" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். அவள் வாயில் தெளிவாக வந்த நாலைந்து வார்த்தையில் அது ஒன்று. கன்னடக் குழந்தை மாதிரி கடைசியைக் குறுக்கித்தான் சொல்லுவாள். நான் சமையலறையில் நின்றால் சமையலறையில், துணி துவைக்கும் கல்லிடம் நின்றால் அங்கே. போதும்டி தாயே, கொஞ்சம் விடு என்று நானே சலித்துக்கொண்டதுண்டு. உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

இரண்டு வயது நிறைவதற்குள் முடியெடுத்துக் காது குத்திவிட வேண்டும் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை போட்டோம். கத்தி தலையில் பட்டதும் மலையே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். முடிந்து குளிப்பாட்டிச் சந்தனம் பூசியதும், தன் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸில் கொள்ளேகால் வருகிறவரைக்கும் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, என் தலையையும் தடவி, இதற்கு மட்டும் ஏன் முடி இருக்கிறது என்கிற மாதிரி பார்த்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

காதுகுத்தும் விருந்தும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில். தெருவிலிருந்து காம்பவுண்டுக்கு உள்வரைக்கும் சாமியானா கட்டி, வாசலில் வாழைமரம் வைத்து, கொள்ளேகாலிலிருந்தும் ஹனூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திறங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டில் அத்தை என்றால் மூன்று பேர். என் பெயர் பாப்பாத்தி, குழந்தைக்கு அப்பாவின் அக்கா, அதனால் நான் அத்தை. ரவிக்குமாரின் மனைவி சக்தி, மாமன் பெண்டாட்டி, அதனால் அவளும் அத்தை. மகேஸ்வரி தன் மாமியாரை, அதாவது எங்கள் அம்மாவை, அத்தை என்றுதான் கூப்பிடுவாள். என்னை அவள் நங்கை என்பாள், புருஷனின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. இது ஒன்றும் அதிசயம் இல்லை. தமிழ் பேசுகிற எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் நாலு அத்தை இருக்கத்தான் இருப்பார்கள்.

காலையில் எழுந்தால் கரண்ட் இல்லை. லைன் வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். மோட்டார் ஓடாது, மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் வந்தவர்கள் குளித்ததிலேயே தீர்ந்துபோயிற்று. சமையல்காரர் நஞ்சுண்டசாமி வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் அடுப்பை மூட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார். அவருடைய ஆட்கள் கடப்பாக்கல்லைப் புரட்டித் தள்ளி, தகரத்தை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, கயிறு கட்டிய பக்கெட்டால் சம்ப்பிலிருந்து இறைக்க ஆரம்பித்தார்கள்.

நான் ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து சம்ப்புப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, வெளிய வெயில்ல உக்காந்துட்ட? உள்ள வா" என்றான் சந்துரு.

"தண்ணி எறச்சு முடியட்டும். மூடி போட்டதுக்கப்புறந்தான் எந்திரிப்பேன்."

"கொழந்தய நாங்க பாத்துக்க மாட்டமா?"

"பாத்துக்குவ, பாத்துக்குவ. போன வாரம் சோப்பத் தின்னப்ப யாரு பாத்துக்கிட்டிருந்தது?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். ரவிக்குமார் வந்து என் முன்னால் நின்று போலீஸ்காரன் மாதிரி சல்யூட் அடித்தான். வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணிவிட்டுப் போனார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள் என்று கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே மனிஷா உள்ளேயிருந்து ஓடி வருவாள். மஞ்சள் கவுன், மொட்டைத் தலையில் சந்தனம். "அத்தெ" என்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, யாரையாவது கூப்பிட்டுத் திருப்பி உள்ளே அனுப்புவேன். திரும்பவும் வருவாள். ஒரு தடவை என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பக்கெட் இறங்கி ஏறுவதைப் பார்த்தாள். வாளித் தண்ணீர் தெறித்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

முகூர்த்தம் நெருங்கியது. காது குத்தும் தட்டார் தேவராஜ மொஹல்லாவிலிருந்து வர வேண்டும். கிளம்பிவிட்டேன் என்று போன் பண்ணியிருந்தார். எங்கள் வழக்கத்தில் மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் காது குத்தும்போது அத்தைதான் பக்கத்தில் நின்று, வாயில் சர்க்கரை போட்டு அழுகையை நிறுத்த வேண்டும். அதற்கென்று எனக்குப் புதுப்புடவை எடுத்திருந்தார்கள். சக்தி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்கக்கா. இன்னும் இந்தப் பழைய சீலையோடவா நிப்பீங்க? எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

"மூடி போடாம வர மாட்டேன்."

"அது அவங்க போட்டுக்குவாங்க, வாங்கக்கா!"

நான் நஞ்சுண்டசாமியைப் பார்த்து, கன்னடத்தில்தான் சொன்னேன், மூடியைப் போட்டுக் கல்லை மேலே வை என்று. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பு பெரிய சத்தம் போட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் படி ஏறி, வாசல்படியில் நின்று திரும்பவும் கத்தினேன், மூடியாச்சா என்று.

"ஆய்த்தக்கா!" என்றார்.

கன்னடத்தில் ஆய்த்து என்றால் முடிந்துவிட்டது என்றும் அர்த்தம், சரி, செய்கிறேன் என்றும் அர்த்தம். இந்த ஊரிலேயே வளர்ந்தவள் நான். எத்தனையோ ஆயிரம் தடவை இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன், இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறேன். சாமியானாவின் பக்கத்துணி தொங்கியதில் சம்ப்பு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயிற்று என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

புடவைக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தபோது வெளியே சந்துருவின் வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. தட்டாருக்கு எங்கள் லேஅவுட்டில் வழி தெரியவில்லை, மெயின் ரோட்டில் நின்றுகொண்டு போன் பண்ணியிருக்கிறார். சந்துரு கூட்டிவரப் போகிறான். மகேஸ்வரி ஹாலிலிருந்து ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஏனுங்க, மனி எங்க?"

"அத்தைகிட்ட இருக்கா!" என்று கத்திவிட்டு அவன் போனான்.

அந்தக் குரல் எனக்குக் கேட்டது. சமையலறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சக்திக்கும் கேட்டது. கேட்ட மகேஸ்வரிக்கும் நிம்மதி. மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்த்தோம்.

நான் என்ன நினைத்தேன் என்றால், மாமன் சீராக வந்த பட்டுப்பாவாடையைச் சக்திதான் கட்டிவிட வேண்டும், அதனால் குழந்தை சக்தியிடம் இருக்கிறாள். சக்தி என்ன நினைத்தாள் என்றால், இந்தப் பாப்பாத்தி அக்கா குழந்தையை எப்போது கீழே விட்டிருக்கிறாள், அவளிடம்தான் இருக்கும். மகேஸ்வரிக்கு அத்தை என்றால் ஒரே ஆள்தான், மாமியார். எங்கள் அம்மா பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். காது சரியாகக் கேட்காது, அவளுக்கு இது எதுவும் தெரியாது.

பூ வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்துப் பொட்டை நேராக்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

தட்டார் வந்துவிட்டார். சந்துரு வாசலில் நின்று, "எல்லாரும் வாங்க, கொழந்தயக் கொண்டாங்க" என்று கூப்பிட்டான். ரவிக்குமார் பட்டுவேட்டியைச் சரிசெய்துகொண்டு மனையில் உட்கார்ந்து மடியை விரித்தான். மகேஸ்வரி பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

"அத்தை, மனியக் குடுங்க."

"எங்கிட்ட ஏது கண்ணு?" என்றாள் அம்மா.

மகேஸ்வரி சமையலறைப் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்ககிட்டயா இருக்கா?"

சக்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இல்லயே. பாப்பாத்தி அக்காகிட்டத்தான இருக்கா?"

நான் அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வந்தேன். கையில் சர்க்கரைக் கிண்ணம்.

"உன்கிட்டன்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு கண நேரம்தான். அப்புறம் நான் ஓடினேன். கிண்ணம் எங்கே விழுந்ததென்று தெரியாது. படியில் புடவை தடுக்கி, முழங்கால் அடிபட்டு, எழுந்து, சாமியானாத் துணியைப் பிய்த்துக்கொண்டு போனேன். சம்ப்பு திறந்து கிடந்தது. தகரம் அவர்கள் சாய்த்து வைத்த இடத்திலேயே சுவரில் இருந்தது. தண்ணீர் அசையவில்லை. மஞ்சள் கவுன் தெரிந்தது, சந்தனம் பூசிய பின்னந்தலை தெரிந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மொத்தத் தெருவுக்கும் கேட்டதாம். என் வீட்டுக்காரர்தான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வந்து உள்ளே குதித்தார். தூக்கிக் கொடுத்தார். நான் வாங்கினேன். வயிற்றை அமுக்கினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள். சந்துரு பிடுங்கிக்கொண்டு ஓடி, தெருவில் வந்த ஆட்டோவில் ஏறினான். நானும் ஏறினேன். வழியெல்லாம் அவள் வாயில் வாயை வைத்து ஊதினேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உள்ளே எடுத்துக்கொண்டு போனவர்கள் வெகு சீக்கிரம் வெளியே வந்துவிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா, கன்னடத்தில் ஆரம்பித்தாள், பாதியில் கையை விரித்துவிட்டாள். சந்துரு அவளைப் பார்த்து, "நோடி மேடம், இன்னொந்து சல நோடி" என்று கெஞ்சினான். இன்னொரு தடவை பாருங்கள் என்று. அவள் அவனுக்காகத் திரும்ப உள்ளே போய்விட்டு வந்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

போலீஸ் வந்தது. வீட்டு வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வந்த எஸ்.ஐ. கன்னடக்காரர், நிதானமான மனிதர். குழந்தை யாரிடம் இருந்தது என்று கேட்டார். அத்தையிடம் என்றார்கள்.

"அத்தெ அந்த்ரெ யாரு?" என்று கேட்டார், அத்தை என்றால் யார் என்று.

அவர் பேனாவைப் பிடித்தபடி மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் வீட்டிலும் அத்தை உண்டுதானே, அவருக்குப் புரிந்துபோயிற்று. மேற்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சமைத்த சாப்பாடெல்லாம் அப்படியே அண்டா அண்டாவாக இருந்தது. தட்டார் கிளம்பவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் சாமியானாவில் உட்கார்ந்திருந்தவர், தாம்பூலமாக வாங்கிய வெற்றிலையைத் திண்டில் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அத்தனை சின்னக் குழந்தையை எரிப்பதில்லை. புதைத்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு சண்டை. சக்தி சொன்னாள், நான் வீட்டுக்கு வந்த விருந்தாளி, என்னை எப்படிப் பொறுப்பாக்குவீர்கள் என்று. மகேஸ்வரி சொன்னாள், பெற்றவள் நான் ஒருத்தி கேட்டேன், உங்களில் ஒருத்திக்குக்கூட ஒரு எட்டு எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா என்று. ரவிக்குமார் தன் பெண்டாட்டிக்காகப் பேசினான், சந்துரு சட்டையைப் பிடித்தான். அண்ணன் தங்கை பேச்சு அத்தோடு நின்றது. நான், ஊர் முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கியவள், ஒரு வார்த்தை பேசவில்லை. மகேஸ்வரி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னை நங்கை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிறகு கொள்ளேகாலுக்கு, அண்ணன் வீட்டுக்கு இல்லாமல் தனியாக இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. வருவாள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

காரியம் முடிந்த கையோடு ஓனர் கிருஷ்ணராஜ் ஆளைக் கூட்டிவந்து சம்ப்புக்கு இரும்பு மூடி போட்டார். கனமான மூடி, கொக்கி, பூட்டு எல்லாம் வைத்தது. நான் அந்த வழியாகப் போகும்போது பார்த்தேன். கிருஷ்ணராஜ் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தப் பூட்டை எடுத்து அவர் மண்டையில் போட வேண்டும்போல் இருந்தது. போட்டு என்ன ஆகப்போகிறது. நடந்துபோனேன்.

நஞ்சுண்டசாமி ஒருநாள் என் வீடு தேடி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அழுதார். பாயசம் அடிப்பிடிக்கப் பார்த்ததாம், இறக்கிவிட்டுப் போய் மூடலாம் என்றுதான் ஆய்த்து என்றாராம். இறக்கி வைத்ததும் யாரோ இலை எங்கே என்று கேட்டார்களாம். அவ்வளவுதான். வந்தால் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். அவர் அழுவதைப் பார்த்ததும் கை எழவில்லை. அவருக்கும் பேத்தி இருக்கிறாளாம். போய் வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கியிருந்தது. சந்துரு அன்றைக்கு அத்தை என்று யாரைச் சொன்னான்? சக்தியையா, அம்மாவையா? யாரிடம் கொடுத்தான்? யார் கையிலிருந்து நழுவினாள்? அந்த ஒருத்தி யார் என்று தெரிந்துவிட்டால் அவளை வாழ்நாள் முழுக்கத் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. கோபத்துக்கு ஒரு இடம் வேண்டாமா? ஆனால் அவனிடம் போய் எப்படிக் கேட்பது? அவன் வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை, சாப்பிடுவதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே என் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. சோறு போட்டேன், பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டான்.

"அழுவாதக்கா. நீ அழுதா எனக்குத் தாங்கல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுடா" என்றேன். "அன்னிக்கு அத்தைகிட்ட இருக்கான்னியே, எந்த அத்தை? யாருகிட்டக் குடுத்த?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"உன்னத்தான்க்கா சொன்னேன். அவளுக்கு வேற எந்த அத்தையத் தெரியும்?"

"நான் உள்ளயில்லடா இருந்தேன். சீலை கட்டிக்கிட்டு."

"அது எனக்கெப்படித் தெரியும்? தட்டாரு போன் பண்ணாரு. கேட்டுக்குள்ள அவள இறக்கிவுட்டு, அத்தைகிட்டப் போ சாமின்னேன். வூட்டுப் பக்கமே திரும்பலக்கா அவ. நேரா உன்ற சேர் இருந்த பக்கம் போனா. காலையில இருந்து நீ அங்கதான உக்காந்திருந்த. துணி மறச்சிருந்துச்சு, நீ அங்கதான் இருக்கறீன்னு வண்டிய எடுத்துட்டேன். நீ இருந்தா எனக்கென்ன பயம்?"

நான் பிடித்திருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் அவள் என்னைத் தேடி வந்திருக்கிறாள். மற்ற பொம்பளைகள் மாதிரி நானும் காலையிலிருந்து அடுப்படியில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், அத்தைகிட்டப் போ என்றதும் அவள் அடுப்படிக்குத்தான் வந்திருப்பாள். திட்டித் தீர்க்க நான் தேடிக்கொண்டிருந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

சந்துரு எழுந்து வந்து, சோற்றுக் கையோடு என் தோளில் முழங்கையை வைத்தான்.

"அவ பயந்துக்கிட்டுப் போகலக்கா. அத மட்டும் மனசுல வெச்சுக்கோ. நான் பாத்தேன், சிரிச்சுக்கிட்டேதான் போனா. அத்தெ அத்தென்னு கூப்புட்டுக்கிட்டே போனா."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு அது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நம்பித்தான் அத்தனை நாள் மனசில் வைத்திருந்து, அதைச் சொல்லவே என் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"சரிடா சாமி" என்றேன். "சாப்பிடு."